சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், அம்மா

உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்த மகன், பல்கலைக்கழகம் கிடைக்காததால் உங்கள் சங்கிலியை அடகு வைத்து மல்லாவியில் போட்டோக்கொப்பி எடுக்கிற கொமினிகேசன் கடை போடப்போகிறேன் என்று நிற்கிறான், மறிப்பதா விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். தொழில் செய்கிற ஆசையை மறிக்காதேங்கோ. சங்கிலியை மட்டும் இப்போது கழற்றாதேங்கோ.

பக்கத்துக் கடை ஓடுகிறது என்று அதே கடையைப் போடுவதுதான் எங்கட பெடியள் விடுகிற பிழை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் (நிலக்கடலை) கடைகள் வரிசையாக நிற்கலாம். ஏ9 வீதியால் போகிறவர்கள் அங்கே இறங்கிக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். மல்லாவியில் போட்டோக்கொப்பி எடுக்க வருவது அதே ஊர்ச்சனம். இன்னொரு கடை வந்தால் யாவாரம் கூடாது, பிரியும்.

மகனிடம் ஒரு கொப்பி கொடுங்கோ. எங்கட சனம் எதற்காக மாங்குளம், கிளிநொச்சி, வவுனியா என்று ஓடுகிறது, ஊரிலிருந்து எது பச்சையாகவே லொறி ஏறுகிறது என்று ஒரு மாதம் எழுதட்டும். கோடையில் கச்சானுக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின் பழுதாகி நின்றால், அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ரவுணுக்குப் போகிறவரை மறித்துக் கேட்கட்டும்: என்ன பழுது, எத்தனை நாள் காத்திருந்தீர்கள், கூலி எவ்வளவு, பார்ட்ஸ் எங்கே வாங்கினீர்கள்? அந்த நாலு பதிலுக்குள் ஒரு தொழில் இருக்கலாம். நெல்லும் அப்படித்தான். வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைந்தது மூட்டையாகப் போய், அரிசிப் பையாகத் திரும்பி வந்து கடையில் தொங்குகிறது. (பாலைப்பழத்தை நம்ப வேண்டாம். எனக்கு உயிர்தான், ஆனால் சில கிழமையில் முடிந்துவிடும்.)

இன்னொன்றும் எழுதச் சொல்லுங்கோ: காசு எப்போது கையில் புழங்குகிறது? காலபோக (மாரிகால) நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் புழங்கும். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பும் மழையும், கடையில் கடன் கொப்பிதான் நிறையும். கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன் இந்த வருமானத்துக்குச் சரிவராது.

மிசின் வேலை பிடித்தால், முதலில் ஒரு மெக்கானிக்கிடம் ஆறு மாதம் நிற்கட்டும். முறையாகப் படிக்க கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிறகு வீட்டு முற்றத்து மரத்தடியே காணும், கடை வாடகை தேவையில்லை. ஆட்கள் தேடி வரத் தொடங்கினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம்.

கொப்பியை நீங்கள் எழுதிக் கொடுக்காதேங்கோ, அவனே எழுதட்டும். மாதம் முடிய இருவருமாக வாங்கோ, அதை விரித்து வைத்துக் கதைப்போம்.