மொய் நோட்டும் மினிட் புத்தகமும்: குவேக்கர் முன்னோரைத் தேடுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்டிக்குக் குடிவந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற நூலகர் நான். வாரத்தில் இரண்டு நாள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பழைய சபைப் பதிவேடுகளைப் படித்துப் படியெடுப்பதுதான் இப்போது பொழுதுபோக்கு. மருமகள் வீட்டு வம்சம், ஆராய்ச்சிப் படிப்பு, வெறும் ஆர்வம் என்று பல காரணங்களோடு நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): அக்கா, என் மருமகள் அமெரிக்கப் பெண். அவள் முன்னோர் வில்லியம் பென்னோடு ஒரே கப்பலில் வந்தவர்களாம். பேரனுக்குப் பள்ளியில் வம்சாவளி வரையச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் பெயரைப் போட்டால் ஒரே பெயரில் நாற்பது பேர் வருகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

பேரனிலிருந்து ஆரம்பியுங்கள் அம்மா. கப்பலிலிருந்து இறங்கி வரக் கூடாது, வீட்டிலிருந்து ஏறிப் போக வேண்டும். பென்சில்வேனியாவை நிறுவிய பென் 1682-ல் வந்த கப்பலின் பெயர் ‘வெல்கம்’. அதன் அசல் பயணிகள் பட்டியல் எதுவும் எஞ்சவில்லை. இன்று சுற்றுகிற பட்டியல்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் உயில், நிலப்பத்திரம் பார்த்துத் தொகுத்தவை. இந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் அந்தக் கப்பலில் வந்ததாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. அத்தனை பேர் ஏறியிருந்தால் அது டெலவேர் ஆற்று முகத்திலேயே முழுகியிருக்கும்.

பென்சில்வேனியா மாநிலம் பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1906-ல்தான். அதற்கு முந்தைய இருநூறு வருடத்துக்கு உயில், நிலப்பத்திரம், வரிப் பட்டியல், சபைப் பதிவேடு இவைதான் கதி. அவற்றைத் தேட, பெயரை விட ஊர் முக்கியம். இன்னொரு சிக்கல், கவுண்டிகள் பிரிந்துகொண்டே போனவை. ஆரம்பத்தில் பிலடெல்பியா, பக்ஸ், செஸ்டர் என்று மூன்றுதான். 1729-ல் செஸ்டரிலிருந்து லங்காஸ்டர் பிரிந்தது. 1752-ல் பெர்க்ஸ் வந்தது. 1789-ல் டெலவேர் கவுண்டி பிரிந்தது. திண்டுக்கல்லில் 1960-ல் வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் ‘மதுரை ஜில்லா’ என்றுதானே இருக்கும்? அதே கணக்கு. இன்றைய டெலவேர் கவுண்டியில் 1740-ல் இறந்தவரின் உயில் செஸ்டர் கவுண்டிக் கட்டில் இருக்கும்.

ஊர் தெரிந்ததும், அந்த ஊர்க்காரர்கள் எந்த மாதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் அந்த நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் தானாக விலகிவிடுவார்கள்.

கேள்வி (திருச்சி, வரலாற்று மாணவி): மாதக் கூட்டம் என்றால் என்ன? வழிபாடா, பஞ்சாயத்தா?

கொஞ்சம் இரண்டும். வாரா வாரம் மௌனமாக அமர்ந்து வழிபடுவார்கள், பாதிரியார் கிடையாது. மாதம் ஒருமுறை சுற்று வட்டாரத்தார் கூடி நிர்வாகம் பேசுவார்கள்: கல்யாணம், ஏழைக்கு உதவி, சண்டை சச்சரவு, யார் குடித்தார், யார் கடனைத் திருப்பவில்லை. மேலே காலாண்டுக் கூட்டம், அதற்கும் மேலே ஆண்டுக் கூட்டம். வம்சம் தேடுகிறவருக்குச் சோறு போடுவது மாதக் கூட்டத்தின் மினிட் புத்தகம், அதாவது கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததை எழுதிவைத்த குறிப்பேடுதான். ஆண்களுக்கு ஒரு கூட்டம், பெண்களுக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனிப் புத்தகங்கள் இருக்கும். நிறையப் பேர் ஆண்கள் புத்தகத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். ஒரு பெண் ஏன், யாரோடு, எப்போது என்ற விவரமெல்லாம் பெண்கள் புத்தகத்தில்தான் இருக்கிறது.

குடும்பம் ஊர் மாறினால் பழைய கூட்டம் ஒரு சான்று எழுதித் தரும்: இவர்கள் ஒழுங்கானவர்கள், கடன் பாக்கி இல்லை, கல்யாணப் பேச்சு எதுவும் நிலுவையில் இல்லை. பள்ளிக்கூடத்து டி.சி. மாதிரி. புதிய ஊரில் அதைக் கொடுத்தால் அங்கேயும் பதிவாகும். பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா, அங்கிருந்து வட கரோலினா, 1800-க்குப் பிறகு அடிமை முறை வேண்டாம் என்று ஒஹையோ, இந்தியானா என்று போனவர்களை இந்தச் சான்றுகளை வைத்தே அடி பிசகாமல் பின்தொடரலாம்.

கேள்வி (சிங்கப்பூர்): “1701, 12-ம் மாதம், 12-ம் தேதி பிறப்பு” என்று இருக்கிறது. டிசம்பர் 12 என்று போட்டுவிட்டேன். ஒருவர் தப்பு என்கிறார்.

அவர் சொல்வது சரி. அது பிப்ரவரி 12. வருடமும் நம் கணக்குக்கு 1702.

ஜனவரி, மார்ச் எல்லாம் ரோமானியத் தெய்வங்களின் பெயர்கள் என்று குவேக்கர்கள் மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் எண்தான் போட்டார்கள். ஞாயிறு ‘முதல் நாள்’. அன்றைய ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் வருடம் பிறந்தது மார்ச் 25-ல். அதனால் முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாவது பிப்ரவரி. அமெரிக்கர்கள் இதில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நமக்கு இது பழகின விஷயம்: சித்திரையில் வருடம் பிறக்கிறது, தையும் மாசியும் ஆங்கில வருடம் மாறிய பிறகும் அதே பழைய தமிழ் வருடத்தில்தானே இருக்கின்றன?

1752-ல் சட்டம் போட்டு ஜனவரி 1-ஐ வருடப் பிறப்பாக்கினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதிலிருந்து குவேக்கர் எழுத்திலும் முதல் மாதம் ஜனவரி. ஆக 1752-க்கு முன்னா பின்னா என்று பார்க்காமல் மாதத்தை மொழிபெயர்க்காதீர்கள். உங்கள் குறிப்பில் “12-ம் மாதம் 1701” என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, பக்கத்தில் பிப்ரவரி 1701/02 என்று போடுங்கள். பதினொரு நாளைக் கூட்டும் வேலை வேண்டவே வேண்டாம். ஒருவர் கூட்டி வைப்பார், அடுத்தவர் அது தெரியாமல் மறுபடி கூட்டுவார்.

கேள்வி (பாஸ்டன்): குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் இருக்கிற தாத்தா யாருடைய முன்னோர்?

யாருக்கும் இல்லை. 1877-ல் பதிவு செய்த வணிகச் சின்னம். நேர்மை என்றால் குவேக்கர் என்று மக்கள் நினைத்ததால் வைத்த படம். சபைக்கும் கஞ்சிக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி (கோவை): கல்யாணப் பத்திரம் ஒன்றின் படம் கிடைத்தது. கீழே ஐம்பது அறுபது கையெழுத்து. இத்தனை பேரும் உறவா?

எல்லோரும் இல்லை. ஆனால் அந்தத் தாள் தங்கம். நம் ஊர் மொய் நோட்டைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? யார் வந்தார்கள், எந்த ஊர், தாய்மாமன் எவ்வளவு வைத்தார் என்று ஒரு காலத்து உறவு முழுக்க அதில் இருக்கும். இதுவும் அப்படித்தான், பணம் மட்டும் இல்லை.

மணமக்கள் இரண்டு மாதக் கூட்டங்களில் எழுந்து நின்று எண்ணத்தைச் சொல்ல வேண்டும். இடையில் வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறார்களா, பெற்றோர் சம்மதம் உண்டா என்று ஒரு குழு விசாரிக்கும். விதவை என்றால் முதல் கணவரின் பிள்ளைகளுக்குச் சொத்து ஒதுக்கியாயிற்றா என்றும் கேட்பார்கள். அந்த ஒரு வரி, பின்னால் வருகிற வாரிசுக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். கல்யாணத்தன்று வந்திருந்த பெரியவர் சிறியவர் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். மணமக்கள் பெயருக்குக் கீழே வலப்பக்க வரிசையில் நெருங்கிய உறவினர் கையெழுத்திடுவது வழக்கம். அங்கிருந்து படியுங்கள். மணமகள் தன் கையெழுத்திலேயே கணவனின் குடும்பப் பெயரைப் போட்டிருப்பாள், பிறந்த வீட்டுப் பெயர் மேலே வாசகத்தில் இருக்கும். வேறு குடும்பப் பெயரோடு ஒரு பெண் உறவினர் வரிசையில் இருந்தால், கல்யாணமாகிப் போன அக்காவாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான், உடனே கோடு போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (டல்லாஸ்): என் கணவரின் பாட்டி வழியில் 1770-களில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் “டிஸ் எம்.ஓ.யு.” என்று இருக்கிறது. நோயா அக்கா?

(சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.) சபைக்கு வெளியே கல்யாணம் செய்ததால் நீக்கம் என்று அர்த்தம். இந்தச் சுருக்கெழுத்தைப் பரப்பியவர் வில்லியம் வேட் ஹின்ஷா. ஆபராப் பாடகர்! நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் பாடியவர், பிற்காலத்தில் ஆள் வைத்து நாடெங்கும் சபைப் பதிவேடுகளைச் சுருக்கி ஆறு தொகுதிகள் கொண்டுவந்தார். முதல் தொகுதி, வட கரோலினா, 1936-ல் வந்தது. ஆறாவது, வர்ஜீனியா, அவர் இறந்த பிறகு 1950-ல். “ஆர்.ஓ.சி.எஃப்.” என்றால் இன்ன ஊர்ச் சான்றோடு வந்தார், “ஜி.சி.டி.” என்றால் இன்ன ஊருக்குச் சான்று தரப்பட்டது.

நீக்கம் என்றதும் நம் ஊரில் தண்ணி, நெருப்புக் கொடுக்காமல் தள்ளி வைத்த மாதிரி நினைக்காதீர்கள். நீக்கப்பட்டவரும் வழிபாட்டுக்கு வந்து உட்காரலாம். நிர்வாகக் கூட்டத்தில்தான் இடமில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி வாசித்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்.

நமக்கு நீக்கம் நல்ல செய்தி. ஒழுங்காக வாழ்ந்தவரைப் பற்றி நாலு வரிதான் இருக்கும். தப்புச் செய்தவரைப் பற்றி மூன்று மாதம் விசாரித்து எழுதியிருப்பார்கள். டேனியல் பூன் என்ற எல்லைப்புற வீரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாத்தா ஜார்ஜ் பூன் இங்கிலாந்தின் டெவனிலிருந்து 1717-ல் வந்து, க்வினெத் கூட்டத்தில் தன் சான்றைக் கொடுத்தார். அப்பா ஸ்குவயரின் மூத்த மகள் 1742-ல் வெளியாளைக் கட்டிக்கொண்டபோது பெற்றோர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். 1747-ல் மகன் இஸ்ரேலும் அப்படியே செய்ய, இந்த முறை ஸ்குவயர் பணியவில்லை. நீக்கிவிட்டார்கள். 1750-ல் நிலத்தை விற்றுக் குடும்பம் வட கரோலினாவுக்குக் கிளம்பியது. அவர் மனைவி மட்டும் சபையில் தொடர்ந்தார். ஒரு குடும்பம் ஏன் ஊரைவிட்டுப் போனது என்பதை வரிப் பட்டியல் சொல்லுமா?

பெட்ஸி ராஸ் கதை இன்னும் வேடிக்கை. 1773-ல் ஆங்கிலிக்கப் பாதிரியார் ஒருவரின் மகனைக் கட்டிக்கொள்ள ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போனவர். சபை நீக்கியதற்கு எழுத்துச் சாட்சி உண்டு. ஆனால் உலகமே நம்புகிற, அவர் முதல் அமெரிக்கக் கொடியைத் தைத்த கதைக்கு அந்தக் காலத்து ஆவணம் கிடையாது. 1870-ல் பேரன் மேடையேறிச் சொன்னதுதான். உங்கள் வீட்டுக் கதைகளுக்கும் இதே தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் அம்மாவுக்கு ஒரு வேலை: நீக்கத் தேதியை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஆறு மாத மினிட்டை, பெண்கள் புத்தகத்தில், வரி வரியாகப் படியுங்கள். கணவன் பெயர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். ஹின்ஷா தொகுதி சுருக்கம்தான். கதையெல்லாம் அசலில் இருக்கிறது.

கேள்வி (அட்லாண்டா): கல்லறையைத் தேடிப் போனோம். புல்வெளி மட்டும்தான் இருந்தது.

அடியில் ஆட்கள் இருக்கிறார்கள். கல் நடுவது ஆடம்பரம் என்று ஆரம்பகாலக் குவேக்கர்கள் நினைத்தார்கள். இங்கிலாந்துச் சபையே 1850-ல்தான் சாதாரணக் கல்லை அனுமதித்தது. 1720-ல் இறந்த குவேக்கருக்குப் பளிங்குக் கல்லறை இருந்தால் பேரன் பேத்திகள் வைத்தது, தேதியை நம்ப வேண்டாம். ஞானஸ்நானமும் கிடையாது, ஆகவே கிடைப்பது பிறந்த தேதியேதான். அந்த விஷயத்தில் மற்றத் திருச்சபைகளை விட நாம் அதிர்ஷ்டசாலிகள்.

கேள்வி (பிலடெல்பியா, ஆய்வு மாணவர்): என் நண்பர் கறுப்பினத்தவர். குவேக்கர் பதிவேட்டில் தன் முன்னோர் இருக்கலாம் என்கிறார். குவேக்கர்கள் அடிமை வைத்திருந்தார்களா? எதிர்த்தவர்கள்தானே?

இரண்டும் உண்மை தம்பி. 1688-ல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராகக் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். மேல் கூட்டங்கள் ஒன்று மாற்றி ஒன்று தள்ளிவிட்டன. பென் உட்பட வசதியான குவேக்கர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஜான் உல்மன், ஆந்தனி பெனசெட் போன்ற குவேக்கர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசித்தான், பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் 1776-ல் அடிமையை விடுவிக்காதவரை நீக்கலாம் என்று முடிவெடுத்தது. எண்பத்தெட்டு வருடம்.

அந்த அழுத்தத்தில் எழுதப்பட்ட விடுதலைப் பத்திரங்கள் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. விடுவித்தவர் பெயர், விடுபட்டவர் பெயர், பல சமயம் வயது. குடும்பப் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதனால் விடுவித்தவரின் உயில், சொத்துப் பட்டியல், வரிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1780-ம் ஆண்டுப் பென்சில்வேனியாச் சட்டம் அடிமை வைத்திருப்போர் அவர்களைக் கவுண்டியில் பதியச் சொன்னது. அந்தப் பட்டியலையும் பாருங்கள். வட கரோலினாவில் நிலைமை வேறு. அங்கே சட்டம் விடுதலையைத் தடுத்ததால் 1808 முதல் சபையே ‘பொறுப்பாளராக’ இருந்து, அடிமைகளைத் தன் பெயரில் வைத்துக்கொண்டது. அந்தக் கணக்குகள் கில்ஃபோர்டு கல்லூரியில். நண்பரோடு சேர்ந்து போங்கள். தனியாகப் படிக்கிற காகிதங்கள் அல்ல அவை.

கேள்வி (லண்டன்): கடலுக்கு இந்தப் பக்கம்?

குவேக்கர்கள் தங்கள் பழைய பதிவேடுகளை 1840-ல் அரசிடம் ஒப்படைத்தார்கள். இப்போது லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற வரிசை. ஒப்படைக்கும் முன் சபை தனக்கென்று சுருக்கப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டது. அதில் கல்யாணச் சாட்சிகள் பெயர் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு அசலுக்குப் போங்கள். குவேக்கர்கள் தங்கள் நம்பிக்கைக்காகப் பட்ட பாடு, சிறை, அபராதம், பறிமுதலான பசுமாடு வரை ஊர்வாரியாக வேண்டுமென்றால் ஜோசப் பெஸ் 1753-ல் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இருக்கின்றன.

கேள்வி (மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியர்): இணையத்தில் பகிரப்படும் வம்சாவளிகளை நம்பலாமா? மதுரையில் உட்கார்ந்தபடி நான் ஏதாவது உதவ முடியுமா?

முதல் கேள்விக்கு என் அவமானத்தையே சொல்கிறேன் ஐயா. இணையத்தில் பகிர்ந்த வம்ச மரம் ஒன்றிலிருந்து ஒரு தாமஸை எடுத்து, இரண்டு வருடம் அவன் கிளைகளை வளர்த்தேன். எட்டு மரங்களில் அதே தகவல் இருந்ததால் சந்தேகமே வரவில்லை. எட்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒருநாள் மினிட்டைத் திறந்தால், என் தாமஸ் கல்யாணத்துக்கு நான்கு வருடம் முன்பே இறந்திருந்தான். ஒரே ஊரில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் தாத்தா பெயரையே வைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும். நம் ஊரில் எத்தனை முத்துச்சாமிகள்!

இரண்டாவது கேள்விக்கு, தாராளமாக. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளம் இலவசம், படத்தைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர்களுக்கு அங்கே எப்போதும் வேலை உண்டு. கிராமத்துப் பழைய பத்திரங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு 1730-ன் கையெழுத்து ஒரு வாரத்தில் பிடிபடும். நடுவில் வரும் நீண்ட ‘எஸ்’ ‘எஃப்’ மாதிரித் தெரியும், அதில் மட்டும் ஜாக்கிரதை. இன்னொன்று: பிலடெல்பியாச் சபை 1827-ல் ஹிக்ஸைட், ஆர்த்தடாக்ஸ் என்று இரண்டாக உடைந்தது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு கூட்டங்கள், இரண்டு புத்தகங்கள்; முன்னதின் காகிதங்கள் பெரும்பாலும் ஸ்வார்த்மோர் கல்லூரியில், பின்னதினவை ஹேவர்ஃபோர்டில். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள் என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

எழுத்து புரியாவிட்டால் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போடுங்கள் ஐயா. முதல் பக்கத்தைப் படியெடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.