குளிர்வித்த புரதப் படிகமும் எலக்ட்ரான் கற்றையில் சிதைவது ஏன்?

திரவ நைட்ரஜனால் குளிர்வித்த பின்னும் விளிம்பு விளைவுப் புள்ளிகள் (படிகத்தின் ஊடே சென்று சிதறும் எலக்ட்ரான்கள் படத்தில் பதிக்கும், அணு அமைப்பைக் காட்டும் புள்ளிகள்) மங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்சியற்ற முறையில் சிதறும் எலக்ட்ரான்கள் தம் ஆற்றலில் ஒரு பகுதியைப் புரதத்திலேயே விட்டுச்செல்வதால் வேதிப்பிணைப்புகள் அறுந்து தனி உறுப்புகள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) உருவாகின்றன. டைசல்பைடு பிணைப்புகளும் (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலானவை) அமிலப் பக்கச்சங்கிலிகளின் கார்பாக்சில் தொகுதிகளும் முதலில் சிதைய, அணுக்களின் ஒழுங்கு படிப்படியாகக் குலைந்து, நுண்விவரங்களைத் தாங்கிய வெளிப்புறப் புள்ளிகள் மற்றவற்றுக்கு முன்பே மறைகின்றன. குளிர் அச்சிதைவுகள் பரவும் வேகத்தை மட்டுப்படுத்துமே தவிர, முதல் அடியைத் தடுக்காது.

எஞ்சிய வழி, எலக்ட்ரான்களைச் சிக்கனமாகச் செலவிடுவதுதான். 1975-இல் ஹெண்டர்சன், அன்வின் என்ற ஆய்வாளர்கள், குளிர்விக்காமலேயே, உப்பு விரும்பும் நுண்ணுயிரின் ஊதாச் சவ்வை (புரதம் படிகம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்ட சவ்வு) குளுக்கோஸில் பதித்து, சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு) ஒரு எலக்ட்ரானுக்கும் குறைவான அளவில் படமெடுத்து, ஆயிரக்கணக்கான அலகுக்கூடுகளின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அலகுகளின்) சராசரியால் 7 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனை (பிரித்தறியக்கூடிய நுண்மையை) எட்டினர். 2013-இல் லைசோசைம் என்ற புரதத்தின் ஒரே நுண்படிகத்தைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு மொத்தம் ஏறத்தாழ 9 எலக்ட்ரான்களுக்குள் 90 படங்கள் வரை எடுத்தது, என் பார்வையில், அதைவிடத் துணிச்சலான கணக்கு.