பெண் பார்க்கும் படலமும் பதிவு அலுவலகமும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருமணத்தைப் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, வசிக்கும் பகுதியை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 27. தனியார் வங்கியில் பணிபுரிகிறேன். திருமணத் தகவல் தளத்தின் வழியாக என் பெற்றோர் பார்த்த வரனுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது. வடபழனி முருகன் கோயிலில் இரு வீட்டாரும் சந்தித்தபோது அவருடன் சில நிமிடங்கள் பேசினேன். அடுத்த முகூர்த்தத்திலேயே நிச்சயதார்த்தம் என்கிறார்கள். இன்னும் இரண்டு முறையாவது அவருடன் தனியாகப் பேச வேண்டும் என்றால், "அவர்கள் வீட்டில் தப்பாக நினைப்பார்கள்" என்று அம்மா மறுக்கிறார். நான் கேட்பது தவறா? – வாசகி, பெரம்பூர்.

பதில்: தவறே இல்லை. கேட்காமல் இருந்தால்தான் பின்னால் வருத்தம் வரும். உங்கள் இரு வீட்டாரும் இதுவரை விசாரித்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள்: சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா, உடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், குலம், கோத்திரம், ரஜ்ஜுப் பொருத்தம், செவ்வாய் தோஷம். இவை எல்லாம் பெரியவர்கள் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளக்கூடியவை. திருமணத்துக்குப் பின் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள், உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் பெற்றோருக்குத் தொடர்ந்து கொடுக்க முடியுமா, அவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் யார் வேலையை விடுவது, குழந்தை எப்போது என்பவற்றை நீங்கள் இருவர்தாம் பேச முடியும். மாமாவோ தரகரோ தூது போய்க் கேட்டால், இரண்டு பக்கமும் இனிப்பான பதில்தான் வரும்.

அம்மா சொல்லும் காரணத்தையும் யோசியுங்கள். திருமணம் செய்துகொள்ளப்போகும் ஆணுடன் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று ஒரு பெண் கேட்பதையே தவறாக நினைக்கும் வீடு என்றால், அது நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பெரும்பாலும் அப்படி நினைக்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். அந்தப் பையனும் இதே கோரிக்கையைத் தன் வீட்டில் வைக்கத் தயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

பகல் நேரத்தில், அண்ணா நகரிலோ பெசன்ட் நகரிலோ ஒரு காபிக் கடையில், வீட்டுக்குச் சொல்லிவிட்டே சந்தியுங்கள். ஒத்துப்போகும் விஷயங்களையே பேசிக்கொண்டிராமல், நீங்கள் உடன்படாத ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் "இல்லை" என்ற சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பத்துப் பொருத்தங்களும் சொல்லாது. "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருந்தால், அது அவருடைய கருத்தா பெற்றோருடைய கருத்தா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி வாங்குவது மட்டுமின்றிக் கொடுப்பதும் குற்றம் என்பதை உங்கள் அப்பாவுக்கும் நினைவுபடுத்தலாம்.

கேள்வி: என் மகள் உடன் பணிபுரியும் கிறிஸ்தவ இளைஞரை மணக்க விரும்புகிறாள். இரண்டு பேரும் மதம் மாற விரும்பவில்லை. நானும் மனைவியும் சம்மதித்துவிட்டோம். எங்கள் குலதெய்வக் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் வரவேற்பு வைத்துவிட்டால் போதாதா? பதிவுத் திருமணம் என்றால் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்களாமே. உறவினர் யாராவது போய்த் தடுத்துவிட்டால்? – வாசகர், கொளத்தூர்.

பதில்: மகளின் விருப்பத்தை ஏற்றுக்கொண்ட உங்களைப் போன்ற பெற்றோர்கூட இந்த இடத்தில் தெரியாமல் சறுக்கிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்து திருமணச் சட்டம், 1955, மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடங்குவர். மதம் மாறாத கிறிஸ்தவருக்கும் இந்துவுக்கும் கோயிலில் நடக்கும் திருமணம், ஊரே கூடி வாழ்த்தினாலும், அந்தச் சட்டத்தின்கீழ் செல்லாது என்று 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. எனவே கோயிலும் மண்டபமும் உங்கள் மகிழ்ச்சிக்காக இருக்கட்டும். சட்டப்படியான திருமணம் சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்கீழ் நடக்கட்டும்.

அதன் நடைமுறை கடினமானது அன்று. பொறுமை மட்டும் வேண்டும். மணமக்களில் ஒருவராவது அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் குறைந்தது 30 நாட்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அந்த அலுவலகத்தில் பலரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். 30 நாட்கள் கழிந்த பிறகு, மூன்று சாட்சிகளுடன் சென்று உறுதிமொழி கூறிக் கையெழுத்திட வேண்டும். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் இதை முடிக்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தத் தேதிகளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பலகையைப் பார்த்து ஆட்சேபிக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் எதை வேண்டுமானாலும் சொல்லி ஆட்சேபிக்க முடியாது. மணமக்களில் ஒருவருக்கு வாழ்க்கைத் துணை ஏற்கெனவே உயிருடன் இருப்பது, பெண்ணுக்கு 18 வயதோ ஆணுக்கு 21 வயதோ நிறையாமை, சம்மதம் தெரிவிக்கும் மனநிலை இல்லாமை, தடை செய்யப்பட்ட நெருங்கிய உறவுமுறை ஆகியவையே சட்டம் ஏற்கும் காரணங்கள். "எங்கள் சாதிசனம் ஒப்பவில்லை" என்று சித்தப்பா எழுதிக் கொடுத்தால் அது அங்கேயே நின்றுவிடும். அந்தப் பலகை பெற்றோருக்குப் பயந்து வெளியேறும் இணையர்களுக்குத்தான் பெரும் இடையூறாக இருக்கிறது. அது நியாயமற்றது என்பதே என் கருத்து. தந்தையே உடன் வரும் உங்கள் மகளுக்கு அதனால் பெரிய தொல்லை இருக்காது.

ஒரு துணைச் செய்தி: மாப்பிள்ளை வீட்டார் தேவாலயத்தில் நடத்த விரும்பினால், 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அதை அனுமதிக்கிறது. திருச்சபையின் சொந்த விதிகள் வேறு. அதைப் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் இப்படி மணப்பவர்களின் சொத்துகளுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும் என்பதையும், உங்கள் மகள் இந்து கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கேள்வி: காதல் திருமணம், பெற்றோர் நிச்சயித்த திருமணம் – எது நிலைக்கும்? – வாசகர், சைதாப்பேட்டை.

பதில்: இரண்டிலும் நிலைப்பவை நிலைக்கின்றன. அலுவலகத்தில் காதலித்து, இரண்டு வருடம் வீட்டில் போராடிச் சம்மதம் வாங்கி, கடைசியில் ஜாதகத்தில் நல்ல நேரம் பார்த்து மணந்துகொள்வோர் இன்று சென்னையில் ஏராளம். அவர்களை உங்கள் கேள்வியின் எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?

கேள்வி: நாங்கள் இருவரும் இந்துக்கள், ஆனால் வேறு வேறு சாதி. புரோகிதர் இல்லாமல், நண்பர்கள் முன்னிலையில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறோம். அது செல்லுமா, அல்லது பின்னர் பாஸ்போர்ட், விசா என்று வரும்போது சிக்கலாகுமா? – வாசகர், திருவான்மியூர்.

பதில்: முழுமையாகச் செல்லும். இந்த உரிமை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1920களின் இறுதியிலிருந்தே பெரியாரின் இயக்கத்தினர் இத்திருமணங்களை நடத்திவந்தபோதிலும், 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், அவ்வாறு நடந்த ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. எத்தனையோ குடும்பங்களின் வாரிசுரிமை கேள்விக்குள்ளான அந்த நிலையை, 1967இல் அண்ணா தலைமையிலான அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து மாற்றியது. அதற்கு முன்பு நடந்தவற்றுக்கும் அந்தத் திருத்தம் சட்ட ஏற்பு அளித்தது.

அந்தப் பிரிவின்படி உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகக் கூறினால் போதும். மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலியும் கட்டலாம். தாலி வேண்டுமா வேண்டாமா என்பதை அவரவர் முடிவுக்கே விட்டிருப்பது அதன் சிறப்பு. வழக்கறிஞர் அலுவலகத்தில் நடப்பது செல்லாது என்று 2014இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையும், ஊரறிய நடந்தாக வேண்டும் என்ற வாதத்தையும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. குடும்பத்தின் மிரட்டலுக்கு அஞ்சி நிற்பவர்களிடம் பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டச் சொல்ல முடியாது அல்லவா?

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் புகைப்படம் உதவாது. பதிவுச் சான்றிதழ்தான் உதவும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எம்மதத்தினருக்கும் பதிவு கட்டாயம். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டாரிடமிருந்து ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் முன்கூட்டியே காவல் துறையில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். சாதி மறுப்பு இணையர்களின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கும்படி 2018ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கலப்புத் திருமணத்துக்கான அரசு உதவி உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சமூக நலத் துறையில் விசாரியுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டம் அது.

கேள்வி: சோழிங்கநல்லூரில் பணிபுரியும் என் மகள் ஒரு பையனுடன் ஒரே வீட்டில் வசிப்பது இப்போதுதான் தெரியவந்தது. "திருமணத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை அம்மா" என்கிறாள். சட்டம் இதை அனுமதிக்கிறதா? – வாசகி, மயிலாப்பூர்.

பதில்: வயது வந்த இருவர் மணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றம் அன்று. அதேபோல், சேர்ந்து வாழ்ந்துவிட்டதாலேயே மனைவிக்குரிய உரிமைகள் அனைத்தும் வந்துவிடுவதும் இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 "திருமணத்தை ஒத்த உறவு" என்ற நிலைக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் 2010இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல்களை வகுத்தது: இருவரும் மணம் செய்துகொள்ளத் தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும், குறிப்பிடத்தக்க காலம் தாமாக விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், சமுதாயத்தின் முன் கணவன் மனைவி போலத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் உடன் தங்குவது அதில் சேராது.

உங்கள் மகளிடம் இந்தச் செய்தியைக் கண்டனமாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, முன்பணம் யாருடையது, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் யாரை அழைப்பார்கள் என்று கேளுங்கள். திருமணத்தில் ஏன் நம்பிக்கை இல்லை என்று அவள் பதில் சொல்லத் தொடங்கினால், குறுக்கிடாமல் கேட்பது கடினம். ஏனெனில் அந்தப் பதிலில் உங்கள் திருமணமும் வரலாம்.

கேள்வி: எனக்கு 41 வயது. கணவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பதினான்கு வயதில் மகன் இருக்கிறான். மனைவியை இழந்த ஒருவர் என்னை மணக்க விரும்புவதாகக் கூறியிருக்கிறார், எனக்கும் விருப்பம்தான். மறுமணம் செய்தால் கணவர் வழியில் எனக்கு வந்த வீட்டுப் பங்கு போய்விடும் என்று கொழுந்தனார் சொல்கிறார். – வாசகி, தாம்பரம்.

பதில்: போகாது. உயில் எழுதாமல் கணவர் இறந்தபோதே அவருடைய சொத்தில் உங்களுக்குரிய பங்கு உங்களுக்கு வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அது உங்கள் முழு உரிமைச் சொத்து. பின்னர் செய்துகொள்ளும் மறுமணம் அதைப் பறிக்காது. மகனுக்குத் தந்தை வழியில் உள்ள பங்கும் அப்படியே இருக்கும். கொழுந்தனார் அக்கறையால் சொல்கிறாரா வேறு எதனாலாவது சொல்கிறாரா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பட்டா இன்னும் மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால், வாரிசுச் சான்றிதழுடன் விண்ணப்பித்துத் திருமணத்துக்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று உண்டு. உங்கள் மகன் இரண்டாவது கணவருக்குத் தானாகவே சட்டப்படி வாரிசாக மாட்டான். அவர் ஏதேனும் கொடுக்க விரும்பினால் உயில் எழுத வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால், இது பற்றிய பேச்சு திருமணத்துக்கு முன்பே அவர்கள் முன்னிலையிலேயே நடந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. மகனிடம் இந்தச் செய்தியை நீங்களே, உறவினர் வாய்வழி போவதற்கு முன் சொல்லுங்கள். அவரை "அப்பா" என்று அழைக்கும்படி வற்புறுத்த வேண்டாம். என்ன சொல்லி அழைப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.