கியோட்டோக் கோயில்களுக்கு முன்பதிவு கட்டாயமா?

கேள்வி: ஏப்ரலில் அப்பா அம்மாவுடன் ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் இறங்கி, கியோட்டோவில் நான்கு நாள் தங்கித் திரும்புகிறோம். அங்கே எல்லாக் கோயில்களுக்கும் முன்பதிவு கட்டாயம், ஆளுக்கு 9,000 ரூபாய்க்கு ‘டெம்பிள் பாஸ்’ எடுத்துத் தருகிறேன் என்கிறார் டூர் ஏஜென்ட். ஜப்பான் ரயில்களுக்கான ஜே.ஆர். பாஸும் வாங்கச் சொல்கிறார். பாசித் தோட்டம் உள்ள கோயிலைப் பார்க்க அப்பாவுக்கு ரொம்ப ஆசை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில், அந்த 9,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கியோட்டோவின் எல்லாக் கோயில்களுக்கும் செல்லுபடியாகும் பாஸ் என்று ஒன்று கிடையாது. அங்கே ஒவ்வொரு கோயிலும் தனி நிர்வாகம், தனி வரவு. 1985இல் பார்வையாளர் ஒருவருக்கு 50 யென் என்று நகராட்சி வரி போட்டபோது, கின்ககுஜி, கியோமிசு போன்ற பெரிய கோயில்களே எதிர்ப்புத் தெரிவித்துக் கதவைச் சாத்தின. 1988இல் அந்த வரியே போய்விட்டது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து கோவை ஏஜென்ட்டிடம் ஒரே பாஸைக் கொடுத்து வைத்திருக்க வழியில்லை.

கின்ககுஜி, ரியோவான்ஜி, கியோமிசு, தென்ரியூஜி எல்லாமே நேராகப் போய் வாசலில் டிக்கெட் வாங்கும் இடங்கள்தான். பெரும்பாலும் 500, 600 யென் ஆகும். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கார்டை நம்பிப் போகாதீர்கள். தென்ரியூஜியில் தோட்டத்துக்கு ஒரு கட்டணம், கட்டடத்துக்குள் போக இன்னொரு கட்டணம் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று பயப்பட வேண்டாம், அங்கே அதுதான் வழக்கம்.

அப்பா ஆசைப்படுவது சைஹோஜி. ஆனால் அதற்கு முன்பதிவு இல்லாமல் முடியாது. 120 வகைக்கு மேல் பாசி படர்ந்த தோட்டம் அது. கூட்டம் தாங்காமல் 1977 முதல் விண்ணப்பித்தவர்களை மட்டுமே விடுகிறார்கள். பல வருடம் ஜப்பானியத் தபால் அட்டையில் எழுதிக் கேட்டால்தான் இடம். வெளிநாட்டுக்காரர் என்ன செய்வார்? தரகர்கள் முளைத்தது அப்படித்தான். இப்போது அந்தக் கதை தேவையில்லை. கோயிலின் சொந்த இணையதளத்திலேயே ஆங்கிலத்தில் பதிவு செய்து கார்டில் பணம் கட்டலாம். கட்டணம் ஆளுக்குச் சுமார் 4,000 யென். உங்கள் தேதிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பாருங்கள், செர்ரி பூக்கும் பருவத்தில் இடம் சீக்கிரம் போய்விடும். கூகுளில் தேடினால் மறுவிற்பனைத் தளங்களும் வரும். படங்கள், பெயர் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். ‘இடம் கிடைத்தால் உறுதி செய்கிறோம்’ என்று எழுதியிருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

அங்கே போனதும் நேரே தோட்டத்துக்குள் விட மாட்டார்கள். முதலில் மண்டபத்தில் உட்கார்ந்து புத்த சூத்திரத்தைத் தூரிகைப் பேனாவால் எழுத வேண்டும். மங்கலாக அச்சடித்த எழுத்தின் மேலேயே எழுதுவதுதான், மொழி தெரிய வேண்டியதில்லை. அப்பாவுக்கு முட்டிவலி இருந்தால் பதிவு செய்யும்போதே தெரியப்படுத்துங்கள். குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள்.

கத்சுரா அரண்மனைத் தோட்டத்துக்கும் விண்ணப்பம் வேண்டும். ஆனால் அது பேரரச மாளிகை நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. தளம் வேறு, விதி வேறு, பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும். ஒரே ஊரில் இரண்டு தோட்டத்தைப் பார்க்க இரண்டு அலுவலகங்களின் விதிகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. பயணிகள் வேண்டும் என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்கிறவர்கள், எதற்கு முன்பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெளிவாக ஒரு பக்கத்தில் எழுதி வைக்கக் கூடாதா? உங்களைப் போன்றவர்களின் பணம் இந்தக் குழப்பத்தில்தான் போகிறது.

அடுத்து ஜே.ஆர். பாஸ். ஏழு நாள் பாஸின் விலையை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு புல்லட் ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென்தான். போய்த் திரும்ப 28,000. உங்கள் பயணத்துக்குப் பாஸ் வெறும் நஷ்டம். ஏஜென்ட் பழைய கணக்கைச் சொல்கிறார், அல்லது கமிஷனைப் பார்க்கிறார். கியோட்டோ நகரப் பேருந்தில் அந்தப் பாஸ் செல்லவும் செல்லாது. பேருந்துக்கு மட்டுமான ஒரு நாள் டிக்கெட்டையும் நிறுத்திவிட்டார்கள். மெட்ரோவும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் டிக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் வருவதால் ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று கோயில் போதும். பல இடங்களில் ஷூவைக் கழற்ற வேண்டும், எளிதாகக் கழற்றி மாட்டக்கூடியதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலான கோயில்கள் மாலை ஐந்து மணிக்குள் மூடிவிடும், அதற்கு அரை மணி முன்பே டிக்கெட் கொடுப்பது நின்றுவிடும். கியோமிசு காலை 6 மணிக்கே திறக்கும். ஏற்றமான பாதை என்பதால் டாக்சியில் முடிந்தவரை மேலே போய் இறங்கி, எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு, கோயிலுக்குப் போகும் குறுகலான கடைத்தெருவில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது கஷ்டம்.