வாசகர் கேள்வி–பதில்: தரகுத் தொகை யார் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது?

வீடு, மனை தொடர்பாக இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தரகுக் கட்டணம் பற்றியவை. வாங்குபவர், விற்பவர், குடியிருப்பவர், தரகர் என்று எல்லாத் தரப்பினரும் எழுதியிருப்பதால், அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் தருகிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் 85 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீட்டைப் பேசி முடித்திருக்கிறோம். தரகர் எங்களிடம் 2 சதவீதமும், விற்பவரிடம் 2 சதவீதமும் கேட்கிறார். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு கேட்கிறார். இதற்குச் சட்டத்தில் வரம்பு இல்லையா? – வாசகர், சென்னை

வரம்பு இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது நாம் ரெரா என்று சொல்லும் சட்டம், தரகர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியதே தவிர, அவர்கள் வாங்கும் விகிதத்தைத் தொடவில்லை. அந்தப் பதிவும்கூட ரெராவில் பதிவான திட்டங்களில் உள்ள மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்றுத்தருபவர்களுக்கே உரியது. நீங்கள் வாங்கும் பழைய தனி வீடு அதற்குள் வராது. எனவே 2 சதவீதம் என்பது ஊர் வழக்கம். பேசி ஒப்புக்கொண்டால் அதுவே ஒப்பந்தம். ஒப்புக்கொள்ளும் வரை அது வெறும் கேட்பு விலை.

உங்கள் கணக்கில் 2 சதவீதம் என்பது 1,70,000 ரூபாய். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் செலுத்துகிறோம். ஆக, அரசு உங்கள் பத்திரத்தைப் பதிவு செய்ய வாங்கும் கட்டணத்துக்குச் சமமான தொகையை நீங்கள் தரகருக்குக் கொடுக்கிறீர்கள். அந்த அளவுக்கு வேலை நடந்ததா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வில்லங்கச் சான்றிதழ் எடுத்துத் தந்தாரா, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா என்று பார்த்தாரா, மூலப் பத்திரத்தை நேரில் காட்டினாரா என்பவற்றை வைத்துத்தான் விகிதத்தைப் பேச வேண்டும்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அவர் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாதவர் உங்களிடம் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்க முடியாது. பதிவு எண் அச்சிட்ட பில்லைக் கேளுங்கள். பில் வந்தால் 30,600 ரூபாயைச் சேர்த்துக் கொடுங்கள், வராவிட்டால் கொடுக்காதீர்கள்.

இரு பக்கமும் வாங்குவதைப் பற்றி: இரு தரப்புக்கும் தெரிந்து நடந்தால் அதில் தவறில்லை. ஆனால் விற்பவரிடமும் சதவீதக் கணக்கில் வாங்குகிற ஒருவர், விலையைக் குறைத்துப் பேச உங்களுக்காக முழு மனதோடு நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. விலை பேசும் மேசையில் அவரை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்திரம் எழுதும் வேலையில் நான் இருந்த காலத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஒரு தரகுத் தொகை பிரிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கவரில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தது. வாங்குகிற பார்ட்டியைக் கொண்டுவந்தவர், விற்கிற பார்ட்டியைக் கொண்டுவந்தவர், அந்த இருவரையும் சேர்த்துவைத்தவர், பத்திர நகல்களுக்காக அலைந்தவர், விற்பனைப் பலகையை முதலில் பார்த்துத் தகவல் சொன்ன இளைஞர் என ஐந்து பேர் காத்திருந்தார்கள். மூத்தவர் எச்சில் தொட்டு எண்ணி எண்ணிக் கொடுத்தார். தகவல் சொன்ன இளைஞருக்கு 10,000 ரூபாய் கிடைத்தது. அவர் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாங்கியவர் கண்ணுக்கு அது ஒரு லட்சம். அந்தப் பெஞ்சில் இருந்த எவருக்கும் அது ஒரு லட்சம் ஆகவில்லை. விகிதம் அதிகம் என்று நாம் கோபப்படும்போது இந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வரும்.

நான் ஒரு தனியார் வீட்டு விற்பனை நிறுவனத்தில் ஏஜெண்டாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது; நிறுவனத்துக்கு வரும் தரகில் பாதி எனக்கு என்பது பேச்சு. 60 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை 2 சதவீதத்துக்கு முடித்தேன். எனக்கு 60,000 ரூபாய் வரும் என்று நம்பியிருந்தேன். வங்கிக் கணக்கில் 49,830 ரூபாய்தான் வந்தது. நிறுவனம் என்னை ஏமாற்றுகிறதா? – வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் ஏமாற்று இல்லை. வாடிக்கையாளரிடம் பேசிய ஒரு வாக்கியம் உங்கள் பங்கைக் குறைத்திருக்கிறது. 60 லட்சத்தில் 2 சதவீதம் 1,20,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 21,600 ரூபாய் வாங்கியிருந்தால் நிறுவனத்தின் வரவு முழுதாக 1,20,000 ஆகவும், உங்கள் பாதி 60,000 ஆகவும் இருந்திருக்கும். ஆனால் வாடிக்கையாளர் “எல்லாம் சேர்த்து 2 சதவீதம்தான் தருவேன்” என்று சொல்லி, அதற்கு யாரோ தலையாட்டியிருக்க வேண்டும். அப்படியானால் அந்த 1,20,000 ரூபாய்க்குள்ளேயே வரியும் அடங்கிவிடுகிறது. வரி 18,305 ரூபாய் போக, உண்மையான தரகு 1,01,695 ரூபாய். அதில் பாதி 50,847. நிறுவனம் கமிஷன் தரும்போது 2 சதவீத டி.டி.எஸ்., அதாவது பணம் தரும் இடத்திலேயே முன்கூட்டி எடுக்கும் வருமான வரி, பிடிக்க வேண்டும், அது 1,017 ரூபாய். மீதி 49,830. உங்கள் கணக்கில் வந்த தொகை சரியாக இதுதான்.

டி.டி.எஸ். தொகை உங்களை விட்டுப் போய்விடவில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் பெயரில் வரவாக நிற்கும். இந்த விகிதம் முன்பு 5 சதவீதமாக இருந்து, 2024 அக்டோபர் முதல் 2 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டில் மொத்தக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்பு. அதற்கு முன் அது 15,000. நிறுவனத்திடம் உங்கள் பான் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

ஆகவே நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, என் பங்கு எத்தனை சதவீதம் என்பதோடு நின்றுவிடக் கூடாது. எந்தத் தொகையின் மீது அந்தச் சதவீதம் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். விளம்பரச் செலவு என்று மொத்தத் தரகில் 10 சதவீதத்தை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பாதி தருகிற நிறுவனம் இருக்கிறது. மொத்தத்தில் பாதியைத் தந்துவிட்டு விளம்பரச் செலவைத் தானே ஏற்கிற நிறுவனமும் இருக்கிறது. 1,20,000 ரூபாயில் முதல் முறைப்படி உங்களுக்கு 54,000. இரண்டாவது முறைப்படி 60,000. இரண்டுக்கும் பெயர் “பாதிப் பங்கு” என்பதுதான். வேறொரு தரகர் பார்ட்டியைக் கொண்டுவந்தால் அவருக்குப் போகும் பங்கு நிறுவனத்தின் பாதியிலிருந்தா, உங்கள் பாதியிலிருந்தா, பிரிப்பதற்கு முன்பா என்பதையும் கேளுங்கள். கட்டுமான நிறுவனத்தின் புதுத் திட்டங்களை விற்றால் தரகு பொதுவாக அந்த நிறுவனத்திடமிருந்துதான் வரும். வாங்கியவர் பாதியில் முன்பதிவை ரத்து செய்தால் உங்களுக்குக் கொடுத்த கமிஷனைத் திரும்பக் கேட்பார்களா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பேரம் பேசும்போது நீங்கள் மனதில் வைக்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. இந்த வீட்டை முடிக்க நீங்கள் பெட்ரோல், போன், இணைய விளம்பரம் என்று 12,000 ரூபாய் செலவழித்ததாக வைத்துக்கொள்வோம். வரி தனியாக வந்து, 2 சதவீதத் தரகு முழுதாகக் கிடைத்தால் டி.டி.எஸ். போக 58,800 ரூபாய் வரும். செலவு போக 46,800 நிற்கும். வாடிக்கையாளர் 1 சதவீதமாகக் குறைத்தால் கைக்கு 29,400 வரும்; செலவு அதே 12,000 என்பதால் நிற்பது 17,400. தரகு பாதியாகக் குறைந்தபோது, உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான தொகைதான் மிஞ்சுகிறது. பேரத்துக்கு இணங்கும் முடிவை மேலாளர் எடுக்கிறார், அந்த அடியை ஏஜெண்ட் வாங்குகிறார் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு வருத்தம் தரும் விஷயம். எந்த அளவுக்குக் கீழே உங்களைக் கேட்காமல் விகிதத்தைக் குறைக்கக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வரிக் கணக்கு பற்றியும் ஒரு எச்சரிக்கை. சிறு வணிகர்கள் வரவில் 8 சதவீதத்தையோ 6 சதவீதத்தையோ லாபமாகக் காட்டிக் கணக்கை முடிக்கும் எளிய முறை, கமிஷன், தரகு வருமானம் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. நீங்கள் உண்மையான செலவைத்தான் கழிக்க முடியும். அதற்கு பெட்ரோல் பில் முதல் போன் பில் வரை எடுத்துவைக்க வேண்டும்.

நான் சொந்தமாகத் தரகு வேலை செய்கிறேன். மூன்று முறை வீட்டைக் காட்டினேன். பிறகு “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டை அதே ஆள் உரிமையாளரிடம் நேரடியாக வாங்கிவிட்டதாகத் தெரிந்தது. என் கமிஷன் போனதுதானா? – வாசகர், திருச்சி

போக வேண்டியதில்லை, ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஏஜெண்டின் ஊதியம் ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே கேட்கத்தக்கதாகிறது. ஒப்படைத்த வேலை எது என்பதுதான் வழக்கின் உயிர். பார்ட்டியை அறிமுகப்படுத்துவதா, பதிவு வரை கொண்டுபோவதா? நீங்கள் எதையும் எழுதி வாங்காததால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய இருப்பிடக் குறிப்பு, வீட்டின் படங்கள், விலை பேசிய செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு முதலில் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். இனிமேல், வீட்டைக் காட்டப் புறப்படும் முன்பே, இந்த வீட்டை என் மூலம் பார்த்து ஆறு மாதத்துக்குள் வாங்கினால் இவ்வளவு தரகு என்று ஒரு செய்தி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிவிடுங்கள்.

தென்காசி அருகே என் தகப்பனார் வழி மனை ஒன்றை விற்றேன். 40 லட்சம் வந்தால் போதும் என்று தரகரிடம் சொன்னேன். அவருக்கு 1 சதவீதம் தருவதாகப் பேச்சு. பத்திரப்பதிவு நாளில்தான், வாங்குபவரிடம் அவர் 46 லட்சம் பேசியிருப்பதும், 6 லட்சத்தைத் தனியாக வாங்கிக்கொண்டதும் தெரிந்தது. – வாசகி, தென்காசி

அம்மா, இதை ஊரில் “மேல் வைத்து விற்பது” என்பார்கள். பலரும் இதைத் தரகரின் சாமர்த்தியம் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு, உரிமையாளருக்குத் தெரியாமல் ஏஜெண்ட் தன் சொந்தக் கணக்கில் அந்த வியாபாரத்தை நடத்தினால், அதில் கிடைத்த ஆதாயத்தைக் கேட்க உரிமையாளருக்கு உரிமை தருகிறது. 220-ஆம் பிரிவு, முறைகேடு செய்த ஏஜெண்டுக்கு அந்த வேலைக்கான ஊதியமே இல்லை என்கிறது. நீங்கள் ஒப்புக்கொண்டது 1 சதவீதம், அதாவது விலையை 46 லட்சம் என்றே வைத்தாலும் 46,000 ரூபாய். அவர் எடுத்துக்கொண்டது 6 லட்சம்.

“40-க்கு மேல் வருவது உங்களுக்கு” என்று நீங்கள் எப்போதாவது வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் வழக்கு வலுவிழக்கும்; அதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பத்திரத்தில் எந்தத் தொகை எழுதப்பட்டிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். 46 லட்சம் என்று இருந்தால், மூலதன ஆதாய வரியும் 46 லட்சத்தின் மீதுதான் கணக்கிடப்படும். கையில் வராத 6 லட்சத்துக்கும் சேர்த்து நீங்கள் வரி கட்டும் நிலை வரும். விற்பனைக்காகக் கொடுத்த தரகை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் அதற்கு ரசீதும் வங்கி வழிக் கொடுப்பும் வேண்டும். இந்த 6 லட்சத்துக்கு அவர் ரசீது தரப்போவதில்லை. வாங்கியவரோடு பகை கொள்ளாதீர்கள். தரகரிடம் எவ்வளவு, எப்படிக் கொடுத்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் அதுவே உங்கள் முக்கியச் சாட்சி.

வாடகை 18,000 ரூபாய். குடிவந்தபோது ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுத்தேன். 11 மாதம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தரகர் மறுபடியும் பாதி மாத வாடகை கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? – வாசகர், மதுரை

முதல் முறையே அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, வேண்டியதில்லை. வீட்டைத் தேடிக் கொடுத்த வேலைக்கு ஊதியம் வாங்கிவிட்டார். நீங்களும் உரிமையாளரும் நேரில் பேசிப் புதுப்பிக்கும்போது அவர் செய்யும் வேலை எதுவும் இல்லை. புது ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து, முத்திரைத்தாள் வாங்கி, இருவரிடமும் கையெழுத்து வாங்கித் தருவதாக இருந்தால் அந்த அலைச்சலுக்கு ஒரு தொகையைப் பேசிக் கொடுங்கள்; அதை வாடகையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. பழைய தரகுக்கு ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால், ஜிபே மூலம் அனுப்பிய பதிவையாவது எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.