டாங்கி விளையாட்டுகளில் கவசமும் குண்டும்: கேள்வி பதில்

பலகையிலும் கணினியிலும் டாங்கிச் சண்டை விளையாட்டுகளைப் பல வருடமாக ஆடி வருகிறேன், விதிகளும் எழுதிப் பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, சோவியத் டி-34 டாங்கியின் முன்தகடு 45 மி.மீ. தான். விளையாட்டில் 90 என்று போட்டிருக்கிறார்களே?

பதில்: வாழைக்காயை நேராக அரிந்தால் வில்லை சின்னதாக விழும். கத்தியைச் சாய்த்து அரிந்தால் நீளமாக விழும். காய் அதேதான், கத்தி கடக்கும் தூரம்தான் கூடுகிறது. டி-34ன் முன்தகடு செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்திருப்பதால், நேரே வரும் குண்டு 90 மி.மீ. எஃகைக் கடக்க வேண்டும். ஜெர்மனியின் பாந்தர் டாங்கியில் 80 மி.மீ. தகடு 55 டிகிரி சாய்வில் ஏறக்குறைய 140 ஆகிவிடும். இன்னொரு ஜெர்மன் டாங்கியான டைகரின் முன்தகடு கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கிறது, அதனால் அதன் 100 மி.மீ. பெரிதாகக் கூடுவதில்லை.

ஆனால் கணக்கு இதோடு முடியாது. தகட்டின் தடிமனைவிடக் குண்டின் விட்டம் பெரிதாகப் பெரிதாக, சாய்வால் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். 45 மி.மீ. தகட்டில் 37 மி.மீ. குண்டு படுவதும் 88 மி.மீ. குண்டு படுவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே 90-ஐக் கொடுக்கும் விதியை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி: டைகரின் பீரங்கி 1000 மீட்டரில் 100 மி.மீ. துளைக்கும் என்று ஓர் அட்டவணை சொல்கிறது. இன்னொன்றில் அதைவிட நிறைய இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: முதல் அட்டவணை, 30 டிகிரி சாய்த்து வைத்த தகட்டின் மேல் சுட்டுப் பார்த்தது. மற்றது பெரும்பாலும் நேர்நிறுத்திய தகட்டுக்கான கணக்காக இருக்கும். அப்புறம், 'துளைத்தது' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். சுட்டதில் பாதி துளைத்தாலே போதும் என்பார்கள் சிலர், அதற்கு மேல் கேட்பார்கள் சிலர். ஜெர்மன் எண்ணையும் சோவியத் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து விதி எழுதினால் ஒரு தரப்பு காரணமே இல்லாமல் பலமாகிவிடும். சொந்தமாக விதி எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: 1970-இல் வந்த பான்சர்பிளிட்ஸ் என்ற பலகை விளையாட்டில் டாங்கிக்கு முன்பக்கம், பக்கவாட்டு என்ற பேதமே இல்லையே?

பதில்: அதில் ஒரு சில்லு என்பது ஒரு டாங்கி இல்லை, பல டாங்கிகள் சேர்ந்த ஒரு பிளாட்டூன் அல்லது கம்பெனி. ஒரு கட்டம் 250 மீட்டர், ஒரு சுற்று 6 நிமிடம். அந்த நேரத்துக்குள் யாராவது ஒருவர் பக்கவாட்டைப் பிடித்துவிடுவார். அந்த அளவுக்கு ஒரே தற்காப்பு எண் போதும்.

கேள்வி: கவசம் கணக்குதானே, பகடை எதற்கு?

பதில்: குண்டு எங்கே படும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் என்ற பலகை விளையாட்டில் இது அழகாக இருக்கிறது. வண்ணப் பகடை, வெள்ளைப் பகடை இரண்டையும் உருட்டுகிறோம். குண்டு பட்டிருந்தால், வண்ணப் பகடை வெள்ளையைவிடச் சிறியதாக விழுந்தபோது அடி மேல்கூண்டில் (பீரங்கி இருக்கும் சுழலும் பகுதி), இல்லாவிட்டால் உடலில். 36 சேர்க்கையில் 15 கூண்டுக்கு, 21 உடலுக்கு. இதற்கென்று தனியாக ஓர் உருட்டல் கிடையாது. பட்டதா, எங்கே பட்டது என்ற இரண்டுக்கும் அந்த ஒரு வீச்சே பதில் சொல்லிவிடுகிறது. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் என்ற கணினி விளையாட்டில் துளைக்கும் எண்ணே 25 சதவீதம் ஏறி இறங்கும், 200 என்றால் 150 முதல் 250 வரை. நிஜக் குண்டுகள் அவ்வளவு அலைபாய்வதில்லை. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

கேள்வி: ஐயா, 1965 இந்திய-பாகிஸ்தான் போரின் அசல் உத்தர் சண்டையை ஆட நினைக்கிறோம். இந்திய ஜீப்பில் இருந்த பீரங்கி பாகிஸ்தானின் பாட்டன் டாங்கியை உடைத்ததை எப்படிக் காட்டுவது?

பதில்: ஹவில்தார் அப்துல் ஹமீதின் 106 மி.மீ. பின்னுதைப்பில்லாப் பீரங்கியைக் கேட்கிறீர்கள். அதன் குண்டு வேகத்தால் துளைப்பதில்லை. பட்டதும் வெடித்து, உலோகத்தைத் தாரையாகப் பீய்ச்சித் துளைக்கிறது. அதனால் தூரம் கூடினாலும் துளைக்கும் எண்ணைக் குறைக்காதீர்கள், குறி தப்பும் வாய்ப்பை மட்டும் கூட்டுங்கள். ஜீப்புக்குக் கவசம் பூஜ்யம். கரும்புக் காட்டில் பார்வையை ஒரு கட்டத்தோடு நிறுத்துங்கள். தண்ணீர் பாய்ச்சிய வயலில் நுழையும் பாட்டன் சிக்குமா என்று ஒவ்வொரு முறையும் பகடை உருட்டட்டும். ஜீப் முதல் குண்டைச் சுடும்வரை அதன் சில்லைப் பலகையில் வைக்காதீர்கள், இடத்தை மட்டும் தாளில் குறித்து வையுங்கள்.