வீட்டு ஷெட்டில் பழைய புல்லட்டைச் சரிசெய்வதைக் காணொளித் தொடராக எடுக்க விரும்புகிறேன். எந்தக் கேமரா வாங்கலாம், எங்கே தொடங்கலாம்?

அப்பா ஓட்டிய, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350 ஒன்று கார் ஷெட்டில் நிற்கிறது என்றும், அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வேலையை யூடியூபில் தொடராக வெளியிட விரும்புவதாகவும், இதற்கு முன் காணொளி எடுத்துப் பழக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மெக்கானிக் அல்ல. அலுவலகம் முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே வகை வண்டியில் வேலை செய்து, அதைக் காணொளியாகவும் எடுத்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதானால், கேமரா எதையும் இப்போது வாங்க வேண்டாம். கையில் இருக்கும் அலைபேசியே போதும். ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் ஒரு காலர் மைக், கழுத்து வளையும் கனமான ஸ்டாண்டு ஒன்று, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜ், நல்ல ரிங் ஸ்பேனர் செட் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

காணொளியை யாருக்காக எடுக்கிறோம் என்பது தெளிவானால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாக அமைந்துவிடும். முதலில் அதை உங்களுக்காகவே எடுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்டவருக்குச் சில வாரங்கள் கழித்து எழும் கேள்விகள் எல்லோருக்கும் பொதுவானவை: இந்த வாஷர் நட்டுக்கு அடியில் இருந்ததா, ஃபிரேமுக்கு அந்தப் பக்கம் இருந்ததா, இந்த வயர் டேங்குக்குக் கீழே எந்த வழியாகப் போனது, ஸ்பிரிங்கின் கொக்கி எந்தத் திசையைப் பார்த்திருந்தது. நீங்கள் பதிவு செய்த காட்சி இவற்றுக்கு விடை சொல்லுமானால், மன்னார்குடியில் இதே வண்டியைப் பிரித்துவிட்டு விழித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் அது விடை சொல்லும். ஆகையால் ஒவ்வொரு காட்சியையும் நான் ஒரே கேள்வியால் சோதிக்கிறேன்: இதை மட்டும் பார்த்து நானே அந்தப் பாகத்தைத் திரும்பப் பூட்டிவிட முடியுமா? முடியாது என்றால், அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அதை வைத்துக்கொள்வதில்லை.

முதல் காணொளியிலேயே ‘முழு வண்டியையும் புதுப்பிக்கப் போகிறேன்’ என்று அறிவித்துவிடாதீர்கள். போரிங் (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சீராக்குவது), பெயின்டிங், வயரிங் எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். பாகம் கிடைக்காமலும், லேத் பட்டறையில் வேலை முடியாமலும் தொடர் பாதியில் நிற்கும். ஒரே மாலையில் தொடங்கி முடிக்கக்கூடிய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு டேப்பெட் (வால்வைத் திறக்கும் அமைப்பில் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) சரிபார்ப்பதை நான் பரிந்துரைப்பேன். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வலப்பக்கம், சிலிண்டரின் அடிப்பகுதியில், நடுவே ஒரே நட்டால் பிடிக்கப்பட்டிருக்கும் சிறிய மூடியைக் கழற்றினால் வால்வுகளுக்கு அசைவைக் கொண்டுசெல்லும் கம்பிகளான இரண்டு புஷ் ராடுகளின் கீழ்முனைகளும் தெரியும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் (அது கலவையை அழுத்திக்கொண்டு மேலேறும் கட்டத்தின்) உச்சிக்குக் கொண்டுவந்தால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். அந்த நிலையில் புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இதைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம், பார்த்துப் புரிந்துகொள்வது மிக எளிது. இரண்டு விரல்கள், ஒரு புஷ் ராடு, அதில் சுண்ணக்கட்டியால் போட்ட ஒரு கோடு, அந்தக் கோடு சுழல்வது: பத்து விநாடிக் காட்சி போதும். சரிசெய்யும்போது அடியில் டேப்பெட்டை ஒரு ஸ்பேனர் பிடித்திருக்க, இன்னொன்று லாக் நட்டைத் தளர்த்த, மேலிருக்கும் பகுதியைத் திருக வேண்டியிருப்பதால் இரண்டு கைகளும் போதாமல் போகும். ஸ்டாண்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அலைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை புல்லட்டில் அநேகமாக எதுவும் இல்லை.

வண்டியை உதைத்துக் கிளப்புவதும் இப்படி ஒரு நல்ல பாடம். சாவியைப் போட்டு மெதுவாகக் கிக்கரை அழுத்தும்போது, ஹெட்லைட் கூட்டின்மேல் இருக்கும், மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய்வதையும், பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்தொடர்பைத் துண்டிக்கும் முனை) திறக்கும் இடத்தில் நடுவுக்கு வருவதையும், அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரை இழுத்துக் கிக்கரை இன்னும் சற்றே கீழே இறக்கி, பிறகு மேலே வரவிட்டு முழுதாக உதைப்பதையும் ஒரே சட்டகத்தில் காட்ட முடிந்தால், பலமுறை உதைத்துக் களைத்துப் போன ஒருவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. முள்ளும் லீவரும் கைப்பிடிக்கு அருகிலேயே இருப்பதால், ஓட்டுபவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்தால் இரண்டும் சேர்ந்து விழும். கிக்கரை மட்டும் தனியாக எடுத்து ஓரத்தில் சிறு கட்டமாக வைக்கலாம்.

கோணத்தைப் பற்றி நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று உண்டு. வேலை செய்பவரின் கண் எங்கே இருக்கிறதோ, கேமராவும் அங்கே இருக்க வேண்டும். எதிரே நின்று எடுத்தால் முகம் நன்றாகத் தெரியும், ஆனால் பார்ப்பவருக்கு இடதும் வலதும் மாறிப்போகும். இந்த வண்டியில் கியர் லீவர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருப்பதால், புதியவர் ஏற்கெனவே குழம்பித்தான் இருப்பார். அந்தக் குழப்பத்தை நாம் கூட்ட வேண்டாம். கார்புரேட்டர் போன்ற சிறு பாகங்களை மேசையில் வைத்துப் பிரிக்கும்போது, மேலிருந்து செங்குத்தாக எடுங்கள். கீழே பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்தால் ஜெட்டும் (எரிபொருள் பாயும் சிறு துளையுள்ள பாகம்) ஸ்பிரிங்கும் தெளிவாகத் தெரியும், உருண்டு தொலையவும் செய்யாது. காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன், அதை முழுதாக உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்பதை வாய்விட்டு எண்ணுங்கள். நீடிலின் (கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின்) கிளிப் எந்த வரிப்பள்ளத்தில் மாட்டியிருந்தது என்பதை விரல்நகத்தால் சுட்டிக் காட்டுங்கள். பூட்டும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்த இரண்டு காட்சிகள்தான்.

ஒளி விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. இங்கே மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியில் வருவதால், டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பட்டியும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. அலைபேசிகள் வழக்கமாக நொடிக்கு 30 சட்டகம் (தனித்தனிப் படம்) எடுப்பதால், ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம், இதனோடு பொருந்தாதபோது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். கைமுறை அமைப்பு உள்ள கேமரா செயலியில் நொடிக்கு 25 சட்டகமும், ஷட்டரை நொடியின் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என்றும் வைத்தால் அந்தப் பட்டைகள் மறைந்துவிடும். அது முடியாதென்றால் காலை வெயில் ஷெட்டின் வாசலுக்கு வரும் நேரத்தில் வேலை செய்யுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையைச் சாய்த்து வைத்தால் எஞ்சினின் நிழல் பக்கமும் தெரியும். கரிய எண்ணெய்ப் பிசுக்கும் குரோம் பளபளப்பும் ஒரே சட்டகத்தில் வரும்போது அலைபேசி எதற்கு வெளிச்சம் அளப்பது என்று தெரியாமல் மாறிக்கொண்டே இருக்கும். எனவே திரையில் பாகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தெளிவுத்திறன் 1080 போதும். 4கே எடுத்தால் நினைவகம் நிறைவதும் கணினி திணறுவதும்தான் மிச்சம்.

படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி சரியில்லை என்றால் இருக்க மாட்டார்கள். சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் உள்ள ஷெட்டில் குரல் எதிரொலிக்கும். கேமராவுக்குப் பின்னால் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் கணிசமாகக் குறையும். வேலை செய்துகொண்டே விளக்கம் சொல்வது தொடக்கத்தில் வராது. வேலையின்போது எண்களையும் பாகத்தின் பெயரையும் மட்டும் சொல்லிவிட்டு, விளக்கத்தை இரவில், மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் தனியாகப் பேசிச் சேர்த்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும் ஒலியை மட்டும் எப்போதும் அந்த இடத்திலேயே, சற்றுத் தள்ளி நின்று பதிவு செய்யுங்கள். பக்கத்தில் வைத்தால் அலைபேசியின் மைக் தாங்காமல் வெறும் இரைச்சலாகிவிடும். அந்த ஒலியின்மேல் பாட்டைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். டேப்பெட் தளர்ந்திருப்பதும், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முந்தியிருப்பதும், சைலன்சர் ஜாயிண்ட் கசிவதும் பழகிய காதுக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் எடுத்த எஞ்சின் ஒலியை அடுத்தடுத்து வைத்துக் கேட்கச் செய்தால், அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. வேறு இசை தேவைப்பட்டால் யூடியூபின் இலவச ஒலி நூலகத்திலிருந்தே எடுங்கள். திரைப்பாடல் வைத்தால் உரிமைக் கோரிக்கை வந்து சேரும்.

எடிட்டிங்குக்கு டாவின்ச்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமானது. அலைபேசிகள் சட்டக வேகத்தைச் சீராக வைத்திருப்பதில்லை. தனியாகப் பதிந்த குரலை நீண்ட காட்சியோடு பொருத்தும்போது போகப்போக உதடும் ஒலியும் விலகுவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் கோப்பை நிலையான சட்டக வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்கினால் அந்தச் சிக்கல் வராது. எதை வெட்டுவது என்பதில் என் வழக்கம் இது: ஒரே மாதிரியான போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றுவதை மட்டும் வைப்பேன், துருப்பிடித்து வர மறுத்த போல்ட் இருந்தால் அதை விரிவாக வைப்பேன். பார்ப்பவரின் வண்டியிலும் அதே போல்ட்தான் வர மறுக்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நாம் காட்டுவதைப் பிறர் அப்படியே செய்வார்கள் என்பதை மறக்கக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவதைத் தவிர்த்து, மண்ணெண்ணெயோ டீசலோ பயன்படுத்துங்கள், அதையும் திறந்த வெளியில், சூடான ஹாலஜன் விளக்குக்கு அருகில் இல்லாமல் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது பின்சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியால் செயினைத் துடைப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். விரல் போவது அதில்தான். வீட்டில் லுங்கியோடு வேலை செய்வது வசதிதான் என்றாலும், சுழலும் எதற்கும் அருகில் போகும்போது பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் போரிங் போன்றவை எப்படியும் பட்டறைக்குத்தான் போகும். அங்கே அலைபேசியை நீட்டுவதற்கு முன் ‘அண்ணா, எடுத்துக்கலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையையும் கருவியையும் மட்டும் எடுக்கலாம். பலர் கேமரா இருந்தால் பேச மாட்டார்கள், ஆனால் மைக்ரோமீட்டரில் அளந்து காட்டச் சொன்னால் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். பழைய பாகங்களைத் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனாலும் இதே மரியாதை வேண்டும். கடைக்காரரின் வியாபார நேரத்தில் நாம் படப்பிடிப்பு நடத்தக் கூடாது.

சட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடம் உண்டு. வண்ணத்தை மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழையபடி மீட்டெடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்பதால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுகளைத் தாண்டியிருக்கும், ஆகவே எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்காமல் சாலையில் ஓட்டிக் காட்டாதீர்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் திரையில் தெரிந்தால் மறைத்துவிடுங்கள்.

வருமானத்தைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். ஒரே வண்டியின் பழுதுகளைப் பற்றிய காணொளிகள் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் அந்தப் பழுது வரும்போதெல்லாம் யாராவது தேடி வருவார்கள், அதனால் அவை பழசாவதில்லை. தலைப்பில் கவித்துவம் வேண்டாம்; ‘புல்லட் 350 டேப்பெட் அட்ஜஸ்ட்மெண்ட்’ என்று மக்கள் தேடும் சொற்களிலேயே வையுங்கள். விளக்கப் பகுதியில் பயன்படுத்திய ஸ்பேனர் அளவுகளையும் இடைவெளி அளவுகளையும் எழுதுங்கள், நேரக்குறிகளையும் சேருங்கள். முதல் குறி 0:00-இல் தொடங்கி, குறைந்தது மூன்று இருந்தால்தான் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாகப் பிரிக்கும்.

டேப்பெட்டுக்கு அடுத்ததாகப் பாயிண்டை எடுத்துக்கொள்ளலாம். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் தகட்டில் பொறித்த எண்ணும், அது பாயிண்டுக்குள் சற்றே உரசிக்கொண்டு நுழைவதும் ஒரே காட்சியில் வரட்டும். அதற்குப் பிறகு கார்புரேட்டர், பிறகு கிளட்ச். கியர் பெட்டியை நீங்களாகவே ஒருமுறை பிரித்துப் பூட்டி, வண்டி ஓடிய பிறகு மறுமுறை திறக்க நேர்ந்தால் அப்போது காணொளி எடுங்கள். முதல் முறையே கேமரா முன் வேண்டாம்.